இக்மனும் மார்க்கெட்பிளேஸும் வீடு வாங்கித் தருமா? கொழும்பு நிலவரம்

சின்னப் பொருள் ஒன்றில் தொடங்கி, அதை விடப் பெறுமதியான இன்னொன்றாக மாற்றி மாற்றி, கடைசியில் ஒரு வீட்டில் போய் நிற்க வேண்டும். இந்த ஆசைக்குக் கொழும்பில் மூன்று கருவிகள் இருக்கின்றன: இக்மன் போன்ற விளம்பரத் தளங்கள், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், பழையதை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தரும் கடைகளின் எக்ஸ்சேஞ்ச் மேசை. இந்த மூன்றையும் அந்த ஒரு நோக்கத்துக்காக மட்டும் இங்கே எடைபோடுகிறோம். வீட்டில் கிடக்கும் சோபாவைத் தள்ளிவிட எது நல்லது என்பது வேறு கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விற்கவும் வாங்கவும் இவை நல்லவை. மாற்றுவதற்கு மோசமானவை. காசுக்கு விற்று, காசுக்கு வாங்கி, இடையில் கைவேலையும் செய்யத் தெரிந்தவர் மோட்டார் சைக்கிள் வரை தாராளமாக ஏறலாம். ஆவணம் பார்க்கும் பொறுமை இருந்தால் ஆட்டோ வரை போகலாம். காணியையும் இதே மாதிரிக் கைமாற்றி ஏறலாம் என்று நினைப்பவரை முத்திரை வரி தடுக்கிவிடும்.

இந்த ஆசைக்கு விதை போட்டவர் கனடாக்காரர் கைல் மெக்டொனால்ட். 2005 ஜூலையில் ஒரு சிவப்புக் காகிதக் கிளிப்புடன் தொடங்கி, 14 மாற்றங்களில், 2006 ஜூலையில் சஸ்கச்சுவான் மாகாணத்தின் கிப்ளிங் என்ற சிற்றூரில் இரண்டு மாடி வீடு ஒன்றைப் பெற்றார். பிறகு அமெரிக்காவில் டெமி ஸ்கிப்பர் 2020இல் ஒரு கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்பி, 28 மாற்றங்களில் 2021 முடிவதற்குள் டென்னசியில் வீடு வாங்கினார். இரண்டும் உண்மை. ஆனால் நடுப்படிகளைப் பாருங்கள். மீன் வடிவப் பேனா, கதவுக் குமிழ், முகாம் அடுப்பு, ஜெனரேட்டர் வரை மெக்டொனால்ட் போன வழியில் யாரும் போகலாம். அதற்குப் பிறகு வந்தவை பாடகர் ஆலிஸ் கூப்பருடன் ஒரு பிற்பகல், படத்தில் ஒரு வேடம் போன்றவை. அந்த வேடத்துக்குப் பதிலாக வீட்டைக் கொடுத்ததே கிப்ளிங் ஊர்தான். ஊருக்கு விளம்பரம் கிடைத்தது. ஸ்கிப்பரையும் டிக்டொக்கில் பெரும் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் கடைசியில் விற்றது தங்கள் புகழை. வெள்ளவத்தையில் உங்கள் ஃபேனைப் பார்க்க வருகிறவர் உங்கள் கதையைக் கேட்க மாட்டார். "அண்ணா, கடைசி விலை என்ன?" என்றுதான் கேட்பார்.

ஆகவே கணக்கைப் பார்ப்போம். 5,000 ரூபாயை 50 இலட்சமாக்குவது என்றால் ஆயிரம் மடங்கு. ஒவ்வொரு தடவையும் இரட்டித்தால் 10 வியாபாரம் போதும். செலவெல்லாம் போகக் கையில் 20% நின்றால் 38 வியாபாரம் வேண்டும். 10% தான் நின்றால் 73. இதில் ஒன்றுகூட நட்டப்படக்கூடாது. கீழ்ப் படியில் 20% என்பது 1,000 ரூபாய். பொருளைப் பார்க்கத் தெஹிவளைக்கு ஒரு தடவை ஆட்டோவில் போய் வந்தாலே அது கரைந்துவிடும். எனவே கீழே இரட்டிப்பாக வராத வியாபாரத்தைத் தொடவே கூடாது. மேலே போகப் போக விகிதம் சுருங்கும், தொகை பெருக்கும்.

கருவிகள் எப்படி?

இக்மன் 2012இல் வந்தது. அதன் பலம் தேடி வரும் ஆள். மாடல், விலை, நகரம் என்று வடிகட்டிப் பார்த்துவிட்டு நேராகப் போன் எடுப்பார். பேச்சு குறைவு, முடிவு விரைவு. பலவீனம், விளம்பரம் அமிழ்ந்துபோவது. போன், லெப்டொப் போன்ற நெரிசலான பிரிவுகளில் காலையில் போட்டது மாலைக்குள் வெகு தூரம் பின்னால் போயிருக்கும். காசு கட்டி மேலே தூக்கலாம். ஆனால் 15,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளுக்கு அது கட்டுப்படியாகாது. சில பிரிவுகளில் இலவச விளம்பரங்களுக்கு எல்லையும் உண்டு. தொடர்ந்து விற்கிறவர் அந்தக் கட்டணத்தை இலாபத்திலிருந்து கழித்தே கணக்குப் போட வேண்டும். உங்கள் இலக்கம் வெளியே தெரியும் என்பதால் வியாபாரத்துக்கென்று ஒரு தனி சிம் வைத்துக்கொள்வது நல்லது. வாகனம் என்று வந்துவிட்டால் ரியசெவன என்ற வாகன விளம்பரத் தளத்தையும் சேர்த்துப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது. வாகனத் தரகர்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

மார்க்கெட்பிளேஸில் கூட்டம் அதிகம், தேவையுள்ளவர் குறைவு. "இது இன்னும் இருக்கிறதா?" என்ற தயார்ச் செய்தியை ஒரு தட்டில் அனுப்பிவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் எழுதியே நாள் போகும். ஆனாலும் வாங்குவதற்கு அதுதான் முதல் இடம். காரணம், அங்கே விலை தெரியாமல் போடுகிறவர்கள் அதிகம். வெளிநாடு போகிற குடும்பம் வீட்டுச் சாமானை மொத்தமாகப் படம் பிடித்துப் போடும். விமானத்துக்கு இரண்டு கிழமைதான் இருக்கும். 2022 நெருக்கடிக்குப் பிறகு இப்படிப்பட்ட விளம்பரங்களுக்குக் கொழும்பில் பஞ்சமே இல்லை. அந்த வீட்டுக்குப் போகும்போது ஒரு பொருளை மட்டும் கேட்காதீர்கள். விற்காமல் மிஞ்சும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லி, ஒரே லொறியில் ஏற்றுவதாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும்; அந்த நிம்மதிக்குத்தான் அவர்கள் விலையைக் குறைக்கிறார்கள். விற்பவரின் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்றும் பாருங்கள். போன மாதம் முளைத்த கணக்கு, சந்தை விலையில் பாதி, முற்பணம் அனுப்பச் சொல்லும் அவசரம் மூன்றும் ஒன்றாக வந்தால் அது பொருளே அல்ல, வலை.

எக்ஸ்சேஞ்ச் மேசை பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்பார்கள். அவர் வாங்கும்போது ஒரு இலாபம், விற்கும்போது ஒரு இலாபம் வைக்கிறார், அவ்வளவுதான். தனியாளிடம் 72,000க்குப் போகக்கூடிய போனை மேசையில் 60,000க்கு எடுத்து, 100,000 போட்ட போனைத் தந்து 40,000 கேட்பார்கள். அதே இரண்டாவது போன் தனியாளிடம் 92,000க்குக் கிடைக்குமானால், இந்த ஒரு மாற்றத்தின் விலை 20,000 ரூபாய். நேரமில்லாத ஒருவருக்கு, வாரண்டி வேண்டும் என்பவருக்கு அது நியாயமான கட்டணம். மேலே ஏற நினைப்பவருக்கு அது ஒவ்வொரு படியிலும் அறவிடப்படும் சுங்கம். ஏணி ஏறுகிறவர் இந்த மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கக் கூடாது.

தனியாட்களுக்கிடையிலான மாற்றமும் இதைவிட மேலானதல்ல. 'எக்ஸ்சேஞ்சுக்குத் தயார்' என்று போடுகிறவர் பெரும்பாலும் அந்தப் பொருளைக் காசுக்கு விற்றுப் பார்த்து முடியாமல் போனவர். அதன் விலை அவர் மனதில் மட்டும் இருக்கும். எனவே எந்த மாற்றத்துக்கும் முன்னால் இரண்டு பொருளுக்கும் காசு விலையைத் தனித்தனியே எழுதுங்கள். விளம்பரத்தில் இருக்கும் விலையை எழுதாதீர்கள். அதிலிருந்து 10 முதல் 15% கழித்து, ஒரு கிழமைக்குள் விற்று முடிக்கக்கூடிய விலையை எழுதுங்கள். அந்தக் கணக்கிலும் உங்கள் பக்கம் தெளிவாகக் கனத்தால் மட்டுமே கைமாற்றுங்கள். இடம் அடைக்கும் பொருட்களில் மட்டும் இந்த விதி கொஞ்சம் தளரும்: உடற்பயிற்சி இயந்திரம், இசைக் கீபோர்ட், பெரிய மீன் தொட்டி. வைத்திருப்பவருக்கு அவை தலையிடி. சின்னப் பொருளைக் கொடுத்தாலும் சந்தோஷமாகத் தருவார்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரத்தைத் தமிழில் மட்டும் போட்டால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக்கு வெளியே போன் அடிக்காது. தலைப்பில் மாடல் பெயரும் ஆண்டும் ஆங்கிலத்தில், உள்ளே இரண்டு வரி சிங்களத்தில். விலைப் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும்.

கீழ்ப் படி: ஃபேனும் ரைஸ் குக்கரும்

இரட்டிப்பு வருவது பழுதான பொருளில்தான். ஸ்டாண்ட் ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டதும் உறுமும், சுற்றாது. கையால் இலையைத் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்கும். அது கப்பாசிட்டர். பழையதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபரட் அளவைப் பார்த்து அதே அளவை வாங்குங்கள். மேசை, ஸ்டாண்ட் ஃபேன்களில் பெரும்பாலும் 1.5 அல்லது 2, சீலிங் ஃபேனில் 2.5. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கழற்றுமுன் பிளக்கை இழுத்துவிட்டு, கப்பாசிட்டரின் மின்னேற்றத்தை வடியச் செய்ய வேண்டும். கையால் தள்ளினாலும் இலை இறுக்கமாக நின்றால் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் தண்டைச் சுற்றிப் பாருங்கள். பிறகும் தண்டு ஆடினால் புஷ்ஷையே மாற்ற வேண்டும். உறுமலே இல்லாமல் செத்துக் கிடந்தால் சுருளுக்குள் இருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம், அது மாற்றக்கூடியதுதான். சுருளே கருகி மணத்தால் அந்த ஃபேனை எடுக்காதீர்கள். ரைஸ் குக்கரிலும் திடீரென்று செத்தால் முதலில் பார்க்க வேண்டியது அடியிலுள்ள வெப்ப ஃபியூஸ். இணைப்பை ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். சூட்டில் ஃபியூஸே உருகிப்போகும், நெரித்துத்தான் பொருத்த வேண்டும். புதியதின் வெப்ப அளவும் அம்பியரும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கம்பியை நேராக இணைத்து ஃபியூஸைத் தாண்டிவிடுவது சில கடைகளின் பழக்கம். அப்படித் தாண்டிய குக்கரை விற்பது இன்னொருவர் வீட்டுக்கு நெருப்பை விற்பது.

இந்தப் படிக்கு நாங்கள் கொடுப்பது 5க்கு 4. உழைப்புக்குக் கூலி கிடைக்கும், போனால் சிறு தொகைதான் போகும். ஆனால் வீட்டில் இடம் பிடிக்கும். ஒரே நேரத்தில் நான்கைந்துக்கு மேல் வைத்திருந்தால் அனெக்ஸில் இருப்பவருக்குக் கால் வைக்க இடமிருக்காது.

போன்: அவசரக்காரர் படி

போனில் எல்லோரும் கைவைப்பதால் இலாபம் மெலிந்துபோயிருக்கிறது. வாங்குமுன் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அடித்து ஐஎம்இஐ இலக்கத்தை எடுங்கள். பெட்டியிலும், செட்டிங்ஸிலும், சிம் தட்டில் பொறித்திருந்தால் அதிலும் அதே இலக்கமா என்று பாருங்கள். அதன் பிறகு குறுஞ்செய்தியில் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் சேர்த்து 1909க்கு அனுப்பினால் அது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். 2025 ஜனவரி இறுதிக்குப் பிறகு இது வெறும் சடங்கு அல்ல. அதன் பிறகு புதிதாக வலையமைப்புக்கு வருகிற, பதிவில்லாத போனுக்குச் சேவை கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த போன் பாதி விலைக்கு விளம்பரத்தில் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஐபோனில் பழைய ஐகிளவுட் கணக்கு வெளியேறியிருக்க வேண்டும். விற்பவர் உங்கள் கண்முன்னாலேயே வெளியேறி, போனை முழுதாக அழித்து, முதல் திரை வரை கொண்டுவந்து காட்ட வேண்டும். "பாஸ்வேர்ட் பிறகு அனுப்புறன்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். திரை மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை, சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பத் திரை நிறத்தை மாற்றும் 'ட்ரூ டோன்' இருக்கிறதா என்று பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். பெட்டரி நிலை 80%க்குக் கீழே என்றால் பெட்டரிக்கான காசை விலையிலேயே கழியுங்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்பதுதான் இந்தப் படியின் உண்மையான குறை. ஒவ்வொரு செப்டெம்பரும் புதிய ஐபோன் வரும்போது முந்தையதெல்லாம் இறங்கும். ரூபாயின் பெறுமதி ஏறினாலும் இறங்கும். ஐந்து நாளுக்குள் கைமாறாத போன் நட்டத்தை நோக்கி நடக்கிறது. லிபர்ட்டி பிளாஸாவையும் மஜெஸ்டிக் சிட்டியையும் விலை கேட்டு வரப் பயன்படுத்துங்கள்; ஒரே மாடலுக்கு நான்கு கடையில் கேட்டால் சந்தையின் அடிமட்ட விலை தெரிந்துவிடும். 5க்கு 2.

லெப்டொப் இதைவிடப் பரவாயில்லை, ஏனென்றால் அங்கே கைவேலைக்கு இடமிருக்கிறது. நிறுவனங்கள் கழித்துவிட்ட லட்டிடியூட், திங்க்பேட், எலீட்புக் மாடல்களில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபிக்கு உயர்த்தி, மின்விசிறித் தூசியைத் துடைத்து, புதிய தெர்மல் பேஸ்ட் தடவினால் பொருளின் நடையே மாறும். யூனிட்டி பிளாஸாவில் பாகங்களின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் லெப்டொப்பை வாங்க வேண்டும், வாங்கிய பிறகு அல்ல. ராம் தாய்ப்பலகையிலேயே ஒட்டப்பட்டதா என்று மாடலைத் தேடிப் பாருங்கள். ஒட்டப்பட்டிருந்தால் உயர்த்த முடியாது. பயோஸ் கடவுச்சொல் இருந்தால் தொடாதீர்கள். மெக்புக் என்றால் முழுதாக அழித்து, இணையத்தோடு இணைத்துத் தொடங்கிப் பாருங்கள். ஏதாவது நிறுவனத்தின் தொலைநிர்வாகத் திரை வந்தால் அது உங்களுக்கு ஒருபோதும் முழுதாகச் சொந்தமாகாது.

மோட்டார் சைக்கிள்: நிற்க வேண்டிய படி

இந்த முழு ஏணியிலும் நன்றாகச் சம்பாதிக்கக்கூடிய இடம் இதுதான். காரணம் இயந்திரம் அல்ல, கடதாசி. ஆவணத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் விலகிவிடுவதால், ஆவணம் தெரிந்தவருக்கு விலை இறங்குகிறது.

முதலில் வாகனப் பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதி. போட்டோ கொப்பி வேண்டாம். இயந்திர இலக்கம், சேசிஸ் இலக்கம் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் இலக்கத்தைக் கடதாசி வைத்துப் பென்சிலால் உரசி எடுத்தால், தட்டியோ அரைத்தோ மாற்றியிருந்தால் ஒற்றிலேயே தெரியும். அடுத்தது 'பூரண உரிமையாளர்' என்ற கட்டம். அங்கே லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் வண்டி இன்னும் அவர்களுடையது. "லீசிங் கட்டி முடிஞ்சுது" என்ற வாய்ச்சொல் போதாது. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும், அதை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயர் நீக்கப்படவும் வேண்டும். சந்தேகம் இருந்தால் நாரஹேன்பிட்ட அலுவலகத்தில் வாகனப் பதிவின் சாற்றைப் பெற்றுப் பார்க்கலாம்.

பிறகு 'ஓப்பன் பேப்பர்'. விற்பவர் கையெழுத்துப் போட்ட படிவங்களை மட்டும் தந்துவிடுவார், வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்கு விற்பார். இடையில் மூன்று பேர் கைமாறியிருப்பார்கள். புத்தகத்தில் இன்னும் முதலாமவர் பெயர்தான். அவர் நாட்டை விட்டுப் போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். திரும்ப ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் அவ்வளவுதான். சட்டப்படி விற்பவர் எம்டிஏ 8 படிவத்தாலும் வாங்குபவர் எம்டிஏ 6 படிவத்தாலும் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்; 14 நாளுக்குள் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். விற்கும்போதும் இது உங்களைக் காப்பாற்றும். வாங்கியவர் விபத்து செய்தால் பொலிஸ் முதலில் தேடுவது பதிவில் உள்ள பெயரை. அறிவித்ததற்கான பிரதி, வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, திகதியும் நேரமும் இட்டு இருவரும் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு மூன்றும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். பழைய காப்புறுதி வாங்குபவரைக் காக்காது. அவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு முறை சட்டப்படி பெயர் மாற்றும்போதும் புத்தகத்தில் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடும். 'ஐந்தாவது உரிமையாளர்' என்றாலே வாங்க வருபவர் முகம் சுளிப்பார். அதனால்தான் தரகர்கள் ஓப்பன் பேப்பரில் ஓட்டுகிறார்கள். சரியான வழி, ஒரே உரிமையாளரின் கையில் இருந்த வண்டியாகத் தேடி வாங்குவது. உங்களோடு இரண்டு, வாங்குபவரோடு மூன்று, அது விற்கும். பெயர் மாற்றக் கட்டணம், வரிசையில் போகும் ஒரு நாள், புகைப் பரிசோதனை, வாகன வருமான அனுமதிப்பத்திரம் எல்லாவற்றையும் வாங்கும் விலையோடு சேர்த்துக் கூட்டிய பிறகே இலாபம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியை இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகுமுன் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. முன் ஃபோர்க்கில் ஈரம் இருக்கிறதா, பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் சிக்குகிறதா என்று பாருங்கள். டயரின் நான்கு இலக்கம் கதை சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. மீட்டர் 9,000 கிலோமீற்றர் காட்ட, டயர் இரண்டாவது சோடியாக இருந்தால் மீட்டர் பொய். டியோ போன்ற ஸ்கூட்டர்களில் ஏறும்போது இழுவை குறைந்து உதறல் இருந்தால் பெல்ட்டும் ரோலரும் தேய்ந்திருக்கும். பஞ்சிகாவத்தையில் பாகம் எடுத்து, தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் ஒரு காலையில் போட்டுவிடலாம். ஒயில், ப்ளக், எயார் ஃபில்டர், பிரேக் ஷூ, பெட்டரி, நல்ல கழுவல் இவ்வளவும் செய்யுங்கள். மறுபடி பெயின்ட் அடிக்காதீர்கள். புது மினுக்கைப் பார்த்தவுடன் விபத்து வண்டி என்றுதான் நினைப்பார்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்பவரிடம் முழு விலையைக் கையில் வாங்கிக்கொண்டோ, மூல அடையாள அட்டையோடு வந்த இன்னொருவரை உங்கள் பக்கத்தில் நிறுத்திவிட்டோ மட்டும் சாவியைக் கொடுங்கள். காசு வங்கிக்கு வந்தது என்பதற்கு அவர் காட்டும் ஸ்கிரீன்ஷொட் ஆதாரமல்ல; உங்கள் கணக்கைத் திறந்து மீதியைப் பாருங்கள்.

5க்கு 4.5. அரைப் புள்ளியைக் குறைத்தது வரிசைக்காக.

வருடம் முழுக்க இதையே செய்தால் இது பொழுதுபோக்கு அல்ல, தொழில். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் வரை தனிநபர் வருமான வரி இல்லை. சம்பளத்தோடு இந்த இலாபத்தையும் கூட்டிப் பார்த்து அதைத் தாண்டினால் கணக்குக் காட்ட வேண்டும். வாங்கிய சீட்டும் விற்ற சீட்டும் அங்கேயும் உதவும்.

ஆட்டோவும் காரும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆவணச் சோதனை அதேதான், தொகைதான் பெரிது. ஆனால் ஒரு எச்சரிக்கை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, ஓட்டிக்கொண்டிருந்த வண்டியே விலை ஏறிக்கொண்டு போனது. அப்போது கார் வாங்கி விற்றவர்கள் தங்கள் சாமர்த்தியம் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி திறக்கப்பட்டது. வைத்திருந்தாலே ஏறும் என்ற கணக்கு இனி இல்லை. கலப்பின (ஹைபிரிட்) வாகனத்தில் பெட்டரிப் பரிசோதனை இல்லாமல் விலை பேசுவது சூதாட்டம். இந்தப் படியில் ஒரே தவறில் முந்தைய இருபது வியாபாரத்தின் இலாபமும் போய்விடும், ஆகவே உங்கள் முதலீட்டில் பாதிக்கு மேல் ஒரே வண்டியில் போடாதீர்கள்.

வியாபாரத்துக்கும் வியாபாரத்துக்கும் இடையில் காசைச் சும்மா வைத்திருக்காமல் தங்கம் வாங்கச் செட்டியார் தெருவுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. நகையாக வாங்கினால் கூலியும் சேதாரமும் திரும்பி வராது. ஒரு பவுண் என்பது 8 கிராம்தான், விற்கும்போது அந்த எடைக்கு மட்டுமே காசு. மூன்று மாதத்துக்குள் வேண்டிய காசு என்றால் வங்கியிலேயே கிடக்கட்டும்.

காணி: ஏணி முடியும் இடம்

50 இலட்சத்தோடு கொழும்பு நகருக்குள் வீடு தேடுவது வீண். ஹோமாகம, கடவத்தை, பிலியந்தலை, ஜா-எல பக்கம் சின்னக் காணித் துண்டுகள் கண்ணில் படும். நகர அபிவிருத்தி அதிகாரசபை விதிப்படி புதிதாகப் பிரிக்கும் துண்டு குறைந்தது 6 பேர்ச்சஸ் இருக்க வேண்டும். அதை விடச் சின்னதாக 'மலிவு' என்று வருவதில் கட்ட அனுமதி கிடைக்குமா என்று உள்ளூராட்சி சபையில் கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இங்கே வாங்கி விற்று ஏற முடியாததற்குக் காரணம் எளிது. உறுதிப்பத்திரம் எழுதும்போது முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3%, மிகுதிக்கு 4%. 40 இலட்சக் காணிக்கு 3,000மும் 156,000மும் சேர்ந்து 159,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம், சர்வேயர் கூலி, தரகர் பங்கு வேறு. இதைத் தாண்டி இலாபம் வர விலை எவ்வளவு ஏற வேண்டும் என்று பாருங்கள். வரியைக் குறைக்க உறுதியில் குறைத்து எழுதச் சொல்வார்கள். அது குற்றம் என்பது ஒருபுறம். நாளைக்கு வங்கியிலோ நீதிமன்றத்திலோ உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தக் குறைந்த தொகைதான்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணிக் கைமாற்றம் செல்லாது. காணிப் பதிவகத்தில் 30 வருட உரித்துத் தேடல், அங்கீகரிக்கப்பட்ட நில அளவை வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழ் நான்கும் கைக்கு வந்த பிறகே விலையை முடியுங்கள். அரச உத்தரவுப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி அதை வாங்கவோ மாற்றவோ முடியாது. தொடர்மாடி வீடு என்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொண்டோமினியமாகப் பதிவாகி, அந்த அலகுக்குத் தனி உறுதி இருக்கிறதா என்று பாருங்கள். மட்டக்குளி, தெமட்டகொடைப் பக்கம் வெறும் ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு விலை பேசப்படும் வீடுகள் உண்டு. கடிதத்தை வாங்கலாம், வீடு வராது.

ஆகவே ஏணியின் பயன் இங்கே வங்கிக் கடனுக்கு முன்னால் வைக்க வேண்டிய சொந்தப் பங்கைச் சேர்த்துத் தருவதுதான். வேலை பார்க்கிறவர்கள் ஊழியர் சேமலாப நிதியையும் மறந்துவிடக் கூடாது: 10 வருடம் பங்களித்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருப்பவர் வீட்டுத் தேவைக்கு மீதியில் 30% வரை முன்கூட்டியே எடுக்க 2012ஆம் ஆண்டின் திருத்தம் வழி செய்திருக்கிறது. பல மாதப் பைக் வியாபாரத்தை விட அந்த ஒரு விண்ணப்பம் பெரிய தொகையைத் தரக்கூடும்.

'காணிக்குப் பதிலாக வாகனமும் எடுக்கப்படும்' என்ற விளம்பரங்கள் அபூர்வமல்ல. அப்படி ஒன்று சரிவந்தால், வாகனத்தைக் கொடுத்துவிட்டு உறுதிக்குக் காத்திருக்காதீர்கள். உறுதி எழுதும் அதே மேசையில், அதே நேரத்தில், எம்டிஏ படிவங்களிலும் கையெழுத்து விழ வேண்டும். வாகனத்தின் பதிவு இலக்கத்தையும் இருவரும் ஒத்துக்கொண்ட பெறுமதியையும் காசுப் பங்கோடு சேர்த்து உறுதியின் விலைப் பகுதியிலேயே எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். காணியின் உரித்தில் பின்னால் ஓட்டை கண்டால், நீங்கள் கொடுத்தது காசு மட்டுமல்ல, வண்டியும்தான் என்று காட்ட வேறு எழுத்து இருக்காது.